கறுப்பு வண்டிக்கு இரண்டு வாளி

வெருலம், காலை ஆறரை.
நேற்றிரவு யாரோ கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைத்திருக்கிறார்கள்.
சவ வண்டியின் மேல் கரி,
காக்கைச் சிறகு போல நீளநீளமாய்.

ஊதினால் போகாது. துடைத்தால் போச்சு:
கரிக்குள் மணல் இருக்கிறது,
கறுப்புப் பெயின்ட் எதையும் மறக்காது.
போன டிசம்பரில் அவசரத்தில்
பூபாலன் சட்டைக் கையால் இழுத்த கோடு
வெயில் பட்டால் இன்றும் பின்கதவில் எழுந்து நிற்கும்.

குழாயில் மூன்று நாளாய்க் காற்றுதான்.
மிஸஸ் மொகம்பரி வீட்டு ஜோஜோ தொட்டியில்
இரண்டு வாளி கடன்.
ஒன்றில் சோப்பு நுரை. மற்றது துணியை அலச.
பாத்திரச் சோப்பு வேண்டாம்டா, மெழுகைத் தின்றுவிடும்.
மேலிருந்து கீழே, நேராக இழு;
வட்டம் போட இது தோசைக்கல் இல்லை.
தரையில் விழுந்த துணி விழுந்ததுதான்,
திரும்ப எடுக்காதே.
சக்கரம் கடைசியில்.

இரண்டு மணிக்கு தைலம்மா கோவெண்டர், வயது எழுபத்தொன்று.
வந்தவர்கள் கதவில் முகம் பார்த்து
டையைச் சரிசெய்துகொண்டார்கள்.
பெட்டியை ஏற்றிச் சாத்தினேன்.
மகள் வந்து
கண்ணாடிக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள்,
எடுத்தாள்.
ஐந்து விரலும் திருநீற்றில்.

பூபாலன் கைக்குட்டையை உருவினான்.
வறட்டுத் துணிடா, விடு என்றேன்.

எரிமேடை வரைக்கும்
மணிக்கு நாற்பதில்
அந்தக் கை எங்களோடு வந்தது.

திரும்பும்போது மலைச்சரிவில் மறுபடி புகை.
மிஸஸ் மொகம்பரியின் வாளிகளை
இன்னும் கொடுக்கவில்லை.