கயிற்றுக்கு அந்தப் பக்கம்

கமுதியில் ஏறும்போது விடியவில்லை.
நாங்குநேரி தாண்டி
ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ் நுழைந்ததும்
சன்னல் தானாக மூடிக்கொண்டது.
எங்கள் பக்கம் காற்று என்றால் புழுதி.
இங்கே காற்றுக்கு மீட்டர் வைத்திருக்கிறார்கள்.

செண்பகராமன்புதூரில்
கன்னிப்பூ அறுத்த வயலில் பந்தல்.
பழைய டிராக்டர், பழைய எந்திரக் கண்காட்சி.
ஆளுக்கு முப்பது ரூபாய்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
அரிதாள் நடுவே நின்றார் பூமிநாதன்:
"அறுத்த பிறகும் தண்ணி நிக்குதுடி."
அதற்கே முப்பது ரூபாய் சரியாய்ப் போயிற்று அவருக்கு.

பச்சை வண்ணம், இரண்டு உருளை, பக்கத்தில் கைப்பிடி.
கிளாஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டேன்.
ஜெப கிளாடிஸ், குலசேகரத்துக்காரி,
சிரிப்பில் சேலைத் தலைப்பைக் கடித்தாள்.
"இது ரப்பர் சீட்டு அடிக்குத மிசினாக்கும்.
குடிச்சா கொடலு ஒட்டிப்போவும், கேட்டியளா."
பிறகு கைப்பிடியை என்னிடமே தந்தாள்.
கெட்டித் தயிராய் உள்ளே போனது
வரிவரியாய், ஈரத் துண்டுபோல்
அந்தப் பக்கம் இறங்கிற்று.

கடைசிப் பந்தலில் கூட்டம்.
நான்கு கம்பு, சுற்றிக் கயிறு, ஒரு அட்டை:
1964. செக்கோஸ்லோவாக்கியா. தொடாதீர்.
அந்த நாடே இப்போது இல்லை என்றான்
பக்கத்தில் நின்ற காலேஜ் பையன்.
வண்டி இருந்தது.
மெழுகு போட்டு, தோவாளைச் சந்தைச் செவ்வந்தியில் மாலை போட்டு,
புறப்படாத தேர்போல்.

எங்கள் வண்டியும் அதே அறுபத்து நாலு, அதே நாடு.
முந்தாநாள் மண்டலமாணிக்கத்தில்
ஒன்றரை ஏக்கர் கருவேல மூட்டைப் புரட்டியது.
கூலி பாதிதான் வந்தது.
மீதி என் நோட்டில் நிற்கிறது.

பதினொரு மணிக்கு ஸ்டார்ட் செய்வதாக மைக்கில் சொன்னார்கள்.
வெள்ளைச் சட்டை மரிய பென்சிகர் ஏறி உட்கார்ந்தார்.
ஒரு தடவை. மூன்று தடவை.
மைக்காரர் நன்றியுரையை முன்கூட்டியே தொடங்கிவிட்டார்.
பூமிநாதன் கழுத்து சாய்ந்தது.
தூக்கத்தில் எங்காவது மோட்டார் ஓடினாலும்
அப்படித்தான் சாயும்.
"காத்து அடைச்சிருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"ஓய், என்ன சொன்னீரு?"

"டீசல் லைன்ல காத்து. ஸ்பேனர் இருக்கா?"

கயிற்றைத் தாண்டினார்.
மெழுகின்மேல் ஐந்து விரலும் பதிந்தன.
நட்டைத் தளர்த்த, நுரை வந்தது,
மறுபடி நுரை,
பிறகு தெளிந்த டீசல்.
ஊரெல்லாம் காற்றை விற்கிற இடத்தில்
சுண்டுவிரல் குழாய்க்குள் கொஞ்சம்
சிக்கிக் கிடந்திருக்கிறது.

பிடித்துக்கொண்டது.
எங்கள் வண்டியின் குரல்தான்,
எங்கள் வண்டியின் இருமல் இல்லாமல்.
புகையில் செவ்வந்தி கறுத்தது.

பென்சிகர் அவர் கையை விடவே இல்லை.
"அடுத்த கொல்லம் ஒங்க வண்டியையும் கொண்டு வாரும்.
லாரிக் கூலி நாங்க தாறோம்."
கொல்லம் என்றால் வருசமாம்.
நான் வேறு ஊர் என்று நினைத்துத்
தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் நோட்டைப் பார்த்தேன்:
புரட்டாசி, புழுதி உழவு, பதினேழு வீடு.
"இங்க வந்து நின்னா அங்க யாரு உழுவா?"

காவல்கிணறு வரை பேசவில்லை.
காற்று நின்ற இடத்தில் கேட்டார்:
"கயித்துக்குள்ள நிக்க அதுக்குப் புடிக்குமா?"
எனக்குத் தெரியவில்லை.
பஸ்ஸில் பாட்டு வேறு சத்தமாக இருந்தது.

நான் அடித்த சீட்டை
ஜெப கிளாடிஸ் காகிதத்தில் சுற்றித் தந்திருந்தாள்,
புகை காட்டாத பச்சை ரப்பர்.
வெட்டி டிரைவர் சீட்டில் போட்டேன்.
மூன்று நாளாக வண்டி முழுக்கப் புளித்த வாடை.
உழவுக்குச் சொல்ல வந்த ராக்கம்மா
மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:
"என்னத்தா இது, எலி கிலி செத்துக் கெடக்கா?"

கன்னியாகுமரி மாவட்டம் என்றேன்.