நாற்பத்தெட்டு மணி நேரம் குளிக்கக் கூடாது

தேசப்பன் முதுகில் பேனாவால் கோடு போட்டு
பத்துச் சின்ன வட்டங்களை ஒட்டி அனுப்பினார் தோல் டாக்டர்.
இரண்டு நாள் குளிக்கக் கூடாது.
வேர்க்கவும் கூடாது.
மே மாதம், காசிமேடு, தகரக் கூரை.
"வேர்க்காம இருக்கணும்னா மேடம்
நா ஐஸ் பொட்டிக்குள்ளதான் ஒக்காரணும்" என்றார்.
அஞ்சலை சிரிக்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு ஒரு முன்கதை உண்டு.

பழைய வண்ணாரப்பேட்டையில்
ஜெராக்ஸ் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே
பதினோரு வருஷமாகக் கால் செய்கிறேன்.
எர்ணாவூர் வளைவில் ட்ரெய்லர் ஏறிய காலுக்கு
முழங்காலுக்குக் கீழே ஒன்று செய்து கொடுத்தேன்.
மெல்லிசு, கனமே இல்லை, பளபளப்பு.
துணிமேல் துணி சுற்றி ரெசின் ஊற்றி இறுக்கியது.
நானே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டது.

பதினாறாம் நாள் வந்தார்.
சாக்கெட்டின் விளிம்பு எங்கே முடிகிறதோ
அங்கேயே முடிந்திருந்தது சிவப்பு,
ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி.
உள்ளே கொப்புளம், நீர்.
அந்தக் கோட்டைப் பார்த்ததுமே புரிந்திருக்க வேண்டும் எனக்கு.
நான் கேட்டது வேறு:
"சாக்ஸை ஒழுங்கா தொவைக்கிறீங்களா?
தண்ணி வராத ஏரியா, தெரியும், இருந்தாலும்..."

அஞ்சலை கட்டைப்பையைத் திறந்தாள்.
ஆறு சாக்ஸ்.
துவைத்துத் துவைத்து நூல் தெரிந்தது.
லாரித் தண்ணியில் இரண்டு குடம்
அதற்கென்றே தனியாக வைக்கிறாளாம்.
எடுத்துக் காட்டியதை
எதுவும் பேசாமல் திரும்ப மடித்தாள்.

நான்காம் நாள் டாக்டர் முதுகைப் படித்தார்.
நிக்கல், ஒன்றுமில்லை.
ரப்பர், லேசாக, சந்தேகம்.
கோபால்ட் சிவப்பு.
ரெசின் சிவப்பு, நடுவில் கொப்புளம்.
"என்ன வேலை பாத்தீங்க?"

ஃபைபர் போட்டு. பத்தொன்பது வருஷம்.
வாளியில் ரெசின், மூடியளவு ஹார்டனர்,
ஊதாக் கலரில் நாலு சொட்டு.
அந்த ஊதாதான் கோபால்ட்.
வெறுங்கையால் கலக்கியிருக்கிறார்.
விரல் இடுக்கில் எப்போதும் அரிப்பாம்,
உப்புக் காத்து என்று விட்டுவிட்டாராம்.
அவர் உப்பு என்றார், நான் அழுக்கு என்றேன்.
தோல் மட்டும்
உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தது.
படகுக்கு ஊற்றுவதையே
நான் காலுக்கு ஊற்றியிருந்தேன்.

பிறகு மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினேன்.
சிலிக்கான் உறை: ஒத்துக்கொள்ளும்,
விலைதான் அவருடைய ஏழு மாத வாடகை.
தோல் பட்டை: எதில் பதனிட்டது என்று
விற்றவனுக்கே தெரியவில்லை.
நுரை லைனர் பரவாயில்லை, அதை ஒட்டும் பசையை நம்ப முடியாது.
தையல் போடலாமா என்று யோசித்தேன்.
தையல் அழுத்தும்.
ஒரு வாரம் பிரியாணி வாசனைக்கு நடுவே
டப்பா டப்பாவாக லேபிள் படித்தேன்.
பாதி டப்பாவில் லேபிளே இல்லை.

கடைசியில் பாலிப்ரொப்பிலீன்.
ஓவனில் வெந்து கண்ணாடியாகித் தொங்கும் ஷீட்டை
பிளாஸ்டர் அச்சின்மேல் போர்த்தி
உள்காற்றை உறிஞ்சி எடுத்தேன்.
உள்ளே பருத்தி சாக்ஸ் மட்டும்.
பசையில்லை, பளபளப்பும் இல்லை, கனம் கொஞ்சம் கூட.
அஞ்சலை விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள்.
"கொடம் மாரி கீது."
ஏறக்குறைய குடம்தான் என்றேன்.
"அப்ப நீலத்துல குடு.
இந்த வெளுப்பு யாரு காலு?"
கம்பெனி அதைத் 'தோல் நிறம்' என்றுதான் அனுப்புகிறது.
நீல ஷீட்டுக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம்.

ஆறு வாரம் ஆயிற்று.
காலில் தோல் தோலாக இருக்கிறது.
அவர் மறுபடியும் படகுப் பட்டறைக்குத்தான் போகிறார்,
வேறு யார் வேலை தருவார்?
நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி கொடுத்தேன்.
போடுகிறாரா என்று கேட்டால்
பேச்சை மீன் விலைக்கு மாற்றுகிறார்.

போன செவ்வாய் வந்தபோது
நீலச் சாக்கெட்டில் வெள்ளையாக ஒரு நம்பர்,
படகின் முகப்பில் எழுதுகிற அதே எழுத்தில்.
அழகாகத்தான் இருந்தது.
"என்ன பெயின்ட்டு இது?"
"வெளியதான் மேடம், ஒடம்புல படாது."
"எந்தக் கம்பெனி? என்ன கலந்தீங்க?"

அஞ்சலை கட்டைப்பையைத் திறந்தாள்.
டப்பா உள்ளேயே இருந்தது.