செல்வரத்தினம

கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைக்கு மேலே
ஐந்து மேசை, ஒரு குளிரூட்டி. அதுவும் ஒழுகும்.
கீழே வைத்த பெயின்ற் வாளியை
முறை வைத்து ஊற்றுகிறோம்.
இந்தக் கிழமை என் முறை.

கொழும்பு இரவு பஸ்ஸுக்கு ஆசனப்பதிவு
நாங்கள் எழுதியது.
அதில் பெயரை வெட்டும் வரி
நான் எழுதியது.
சிட்டையில் இடம் குறைவு,
பன்னிரண்டோடு நறுக்கு என்றேன்.
நறுக்கியது.

மூன்றாம் நாள் ஒரு சிட்டை படமாக வந்தது:
செல்வரத்தினம.

புள்ளி இல்லை.
வாய் மூட மறந்து
நின்றது மகரம்.

என் வரிக்குப் பக்கத்தில்
றொசாந்தி ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தாள்:
'ஏன் பன்னிரண்டு?'

கோபம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன்.
சேர்ந்து எட்டு மாதமில்லை,
குருநகரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து
ஹெல்மெற்றைக் கழற்ற முதல்
என் வரியில் கை வைக்கிறாள்.
பதில் மூன்று தரம் தட்டினேன்,
நீளமாக, காரணங்களோடு.
மூன்று தரமும் அழித்தேன்.
நாலாம் தரம் அனுப்பியது
'தெரியாது'.

கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள்.
தனக்கும் தெரியாதாம்.
விரல் மடித்து எண்ணினாள்:
செ, ல், வ, ர, த், தி, ன, ம்.
"எட்டுத்தானே? பன்னிரண்டுக்குள்ள எட்டு அடங்காதோ?"

தலை தூக்காமலே வாகீசன் சொன்னான்:
"மெசினுக்கு அது பதின்மூண்டு.
கொம்பு தனி, விசிறி தனி,
புள்ளிக்கும் தனிக் காசு."

அப்போதுதான் கரண்ட் போனது.
இரண்டு மடிக்கணினியில் மிச்சமிருந்த பற்றரியில்
மூன்று பேர் குனிந்திருந்தோம்.
அவனுக்குப் பொறியின் கணக்குத் தெரியும்.
அவளுக்கு, உயிர்மெய் ஒரெழுத்தென்று
மூன்றாம் வகுப்பில் படித்தது மறக்கவில்லை.
எனக்குத் தெரிந்தது
அந்த வரி எங்கே கிடக்கிறது என்பது மட்டும்.

எழுத்தை எழுத்தாக எண்ணும்படி மாற்றினோம்.
கௌரியை விட்டுப் பார்த்தோம்,
ஸ்ரீஸ்கந்தராசாவை விட்டுப் பார்த்தோம்,
அவர் இரண்டு தரம் விழுந்தார், பிறகு நின்றார்.
பிளேன்ரீ ஆறி ஆடை கட்டியது.
செல்வரத்தினம் மட்டும்
பழைய சிட்டையோடு
அந்நேரம் வவுனியா தாண்டியிருப்பார்.

அது மாசியில்.

இன்று வாகீசன் எழுதிய ஒன்றைப் பார்க்கத் தந்தார்கள்.
வடிவான வேலை. நடுவில் ஒரு ஏழு.
எங்கிருந்து வந்த ஏழு,
பிழை அதிலா, என் விளக்கத்திலா,
பிடிபடவில்லை.
முன்பென்றால் 'நல்லம்' என்று போட்டுவிட்டு
றோல்ஸ் வாங்கப் போயிருப்பேன்.

'ஏன் ஏழு?' என்று கேட்டேன்.

மூன்று மேசை தள்ளி
தட்டுகிறான். நிறுத்துகிறான். தட்டுகிறான்.
என் திரையில் மூன்று புள்ளிகள்
தோன்றுகின்றன, மறைகின்றன,
திரும்பத் தோன்றுகின்றன.

வாளி நிரம்பி வழிகிறது.
அது கிடக்கட்டும்.
கதிரையை இழுக்கிறேன்.