ரெண்டரை ஸ்கொயர்

மூன்றாம் முறையாக விழுந்தது.
சல்மாபாத்தில் ராத்திரி பதினொன்று பத்து.
எட்டுக் கட்டில், பன்னிரண்டு பேர்,
நைட் ஷிப்ட் போனவன் படுக்கையில்
பகல் ஷிப்ட்காரன் தூங்கும் அறை.
இருட்டில் என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள்.
"அபுதாகிர், எலெக்ட்ரீசியனைக் கூட வச்சுக்கிட்டா
இப்படி வேகுறோம்?"

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
டி.பி. பெட்டியைத் திறந்தேன்.
இருபது ஆம்பியர் பிரேக்கர்
நாக்கைத் தொங்கப் போட்டிருந்தது.
தப்பு அதன் மேல் இல்லை.
ஏ.சி. ஒன்று பதினொன்று இழுக்கும், இரண்டுக்கு இருபத்திரண்டு,
ஞானசிகாமணி கெட்டில் வைத்தால்
அதற்கு மேல் ஒன்பது.

கட்டட ஏஜெண்ட் குஞ்ஞுமோன்
கைலியோடு வந்து நின்றார்.
பையிலிருந்து புதுசு ஒன்றை எடுத்தார்,
உறைகூடப் பிரிக்காத முப்பத்திரண்டு.
"இதைப் போடு. விழாது."

விழாதுதான்.
அதுதான் பயம்.

சுவருக்குள் ஓடுவது ரெண்டரை ஸ்கொயர்.
அட்டவணை அதற்கு
இருபத்து நாலு ஆம்பியர் தாங்கும் என்கிறது,
சுற்றிலும் முப்பது டிகிரி இருந்தால்.
எழுதியவர் எந்த ஊரோ,
சாயங்காலமானால் ஸ்வெட்டர் மாட்டுகிறவராய் இருக்கும்.
இங்கே ஜூலையில் மாடித் தளத்தின் குழாய்க்குள்
நள்ளிரவிலும் ஐம்பது.
அந்தச் சூட்டில் இருபத்து நாலு
பதினேழாய் இறங்கிவிடும்.
மதியம் பன்னிரண்டு முதல் நாலு வரை
வெயிலில் வேலை வாங்கக்கூடாதென்று
ஆட்களுக்குச் சட்டம் இருக்கிறது.
ஒயருக்கு இல்லை.

முப்பத்திரண்டைப் போட்டால்
எல்லோரும் தூங்குவோம்.
பிரேக்கரும் தூங்கும்.
குழாய்க்குள் ஒயரின் தோல் மட்டும்
வெல்லப்பாகாய் இளகிக்கொண்டிருக்கும்.
பக்கத்து அறையில் எவனோ மீன் பொரிக்கிறான் என்று
புரண்டு படுப்போம்.

"முடியாது" என்றேன்.
குஞ்ஞுமோன் கோபப்படவில்லை.
கோபப்பட்டவர்கள் என் ஆட்கள்.
"உன் சர்ட்டிபிகேட்ட விசிறியா வீசு,
காத்தாவது வரட்டும்" என்றான் வீரபாகு.
தில் பகதூர் நேபாளியில் ஏதோ சொன்னான்,
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
இரண்டு பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு
மாடிக்குப் போனார்கள்.
நான் டி.பி. பெட்டிக்குக் கீழேயே படுத்தேன்,
டெஸ்டர் தலையணைக்கடியில்.

மறுநாள் வெள்ளி.
மனாமாவில் மூன்று கடை ஏறி இறங்கினேன்,
முழு ரோல்தான் என்றவர்களைத் தாண்டி
வெட்டித் தருகிறவரைக் கண்டுபிடிக்க.
நாலு ஸ்கொயர்.
பிரவுன், நீலம், பச்சை மஞ்சள்,
ஒவ்வொன்றும் பதினெட்டு மீட்டர்.
ஆளுக்கு ஒரு தினார் இருநூறு பில்ஸ்.
பதினோரு பேர் கொடுத்தோம்.
வீரபாகு தரவில்லை, நானும் எழுதி வைக்கவில்லை.
பொய். எழுதி வைத்திருக்கிறேன்.

பழைய குழாயில் இடமில்லை.
சுவரோரம் புதுக்குழாய் அடித்து
சோப்புத்தண்ணீர் விட்டு இழுத்தோம்.
இந்த முனையில் நான், அந்த முனையில் தில் பகதூர்.
"ஹோ" என்றால் தள்ளு, "பஸ்" என்றால் நிறுத்து.
ஒரு வளைவில் மாட்டிக்கொண்டு
முக்கால் மணி நேரம் திட்டு வாங்கியது.
ஜன்னல் பக்க ஏ.சி.க்குத் தனி லைன்,
அதற்குத் தனியாக ஒரு இருபது.

அன்றிரவு பதினொன்று பத்துக்கு
யாரும் தூங்கவில்லை.
ஞானசிகாமணி வேண்டுமென்றே கெட்டிலைப் போட்டான்.
அது முனகி, கொதித்து, தானே அணைந்தது.
இரண்டு ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருந்தன.
சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
சூடுதான். வெயில் விட்டுப்போன சூடு.

"குளிருதுடா, ஒண்ணக் குறைங்க"
என்றது வீரபாகுவின் போர்வை.

அந்த முப்பத்திரண்டு
உறை பிரியாமலே குஞ்ஞுமோன் பையில் இருக்கிறது.
காலையில் பார்த்தேன்,
எதிர்க் கட்டடத்துப் படியில்
ஏறிக்கொண்டிருந்தார்.