பத்து யானை

பள்ளிக்கூடம் மூடி மூன்றாம் நாள்.
காற்றின் குறியீடு இருநூற்றைத் தாண்டிவிட்டதாம்.
ஆசிரியையின் செய்தி கைப்பேசியில் வந்தது:
பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வரைபடம் சொல்லிக்கொடுக்கவும்.
எதை வைத்து என்று எழுதவில்லை.

உலக உருண்டை எங்கள் வீட்டில் கிடையாது.
இருப்பது உரக்கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி,
அதன் தலைப்பில் கட்டைவிரல் உயரத் தீபகற்பம்.
ஈப்போவுக்குச் சற்று மேலே,
நாங்கள் இருக்கவேண்டிய இடத்தில்
ஆணி ஓட்டை.

ஆகவே பெயர்களில் தொடங்கினேன்.
சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை.
"அப்போ நாம நத்தை ஆத்துல இருக்கோமா?"
குகேந்திரனுக்கு ஐந்து வயது,
குளியலறைக் குழாய்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.
புக்கிட் குன்று. கோலா ஆற்றின் வாய்.
"வாய் இருந்தா பல்லு?"
அதற்குள் லோஷினி கையைத் தூக்கிவிட்டாள், வகுப்பில் போல:
"எனக்கு பத்து காஜா தெரியும். பத்து யானை."

இல்லடி, அது மலாய்ப் பத்து,
பத்துன்னா கல்லு.
"கல்லு பத்துன்னா, பத்துக்கு என்ன?"
செபுலோ.
ஏழு வயதுக்கு அது நியாயமாகப் படவில்லை.
பத்து ஆராங், பத்து பஹாட், பத்துமலை என்று
நாடு நெடுகப் பத்துப் பத்தாய்
யானைகளை நிறுத்திக்கொண்டே போனாள்.
நான் தடுக்கவில்லை.

மதியம் சன்னலைத் திறக்கச் சொல்லி அழுகை.
பட்டைப் பட்டையாய்ப் பதினொரு கண்ணாடி,
மூடியே கிடந்தும் உள்பக்கம் சாம்பல்.
விரலால் கோடு போட்டேன்.
மேலிருந்து இரண்டாம் பட்டையில் கெடா,
கடைசிப் பட்டையில் ஜொகூர்,
இடப்பக்கம் நம்மைவிட நீளமாய்
ஒருக்களித்துப் படுத்த சுமத்ரா.
நடுவில் தொடாமல் விட்டேன்.
தொடாத இடம் கடல்.

"பொக அங்கேர்ந்தா வருது?"
ஆமா.
"கப்பல்லயா?"
காத்துல.
காற்றின் திசை அறிய
விரலை நனைத்து நீட்டச் சொன்னேன்.
அடைத்த வீட்டுக்குள் மூன்று விரல்கள்,
எந்தப் பக்கமும் குளிரவில்லை.

"ஏம்மா எரிக்கிறாங்க?"
நெலத்த சுத்தம் பண்ண.
"சுத்தம் பண்ணி?"
நடுறதுக்கு.
"என்னத்த?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நிரை பிடித்து நின்றது செம்பனை,
முதல் வரிசைக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை.
அவளுடைய அப்பா அந்நேரம்
பதினெட்டு டன் எண்ணெயோடு
பட்டர்வொர்த் போய்க்கொண்டிருந்தார்.
சோறு கொதிக்குது என்று எழுந்தேன்.
சோறு வடித்து
அரைமணி நேரம் ஆகியிருந்தது.

இரவு அவர் கண் சிவந்து வந்தார்.
சன்னல் முன்னால் நிறுத்திப்
போன வழியைக் காட்டச் சொன்னாள்.
"இங்க, ஜூரு தாண்டினதும் ரோடே இல்ல,
முன்னால போன லாரியோட
செவப்பு வெளக்கத்தான் பிடிச்சிக்கிட்டுப் போனேன்."
என் விரலைவிட அவர் விரல் தடிப்பு,
ஒரே இழுப்பில் பேராக்கில் பாதி போயிற்று.
அழிந்த இடத்தில் வாசல் விளக்குத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காற்று மாறியது.
பிடியை இழுத்தேன்.
நாடு பதினொரு துண்டாய்த் திரும்பிப் படுத்துக்கொள்ள,
இடுக்குகளில் மரங்கள்,
வரிசைக்குப் பின்னால் வரிசை, எண்ண முடியாமல்.
குகேந்திரன் எண்ணிப் பார்த்தான்.
பத்துக்கு மேல் அவனுக்கு வராது.
பத்து, பத்து, பத்து.

பள்ளி திறந்த வாரம்
லோஷினியின் வரைபடம் திரும்பி வந்தது.
ஊர்கள் சரி, ஆறுகள் சரி.
நீரிணையை மட்டும் பென்சிலால்
சாம்பலாய்த் தேய்த்து வைத்திருந்தாள்.
அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்:
கடல் நீலம். திருத்தி, பெற்றோர் கையொப்பத்துடன் வரவும்.

வண்ணப் பெட்டியைத் திறந்து நீலத்தை எடுத்தேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
சன்னலைப் பார்த்தாள்.
இன்னும் துடைக்கவில்லை நான்.

நீலத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுக்
கையொப்பம் மட்டும் வைத்தேன்,
கட்டத்துக்கு வெளியே
கொஞ்சம் வழிந்துவிட்டது.