எட்டு மூலைக் கறுப்பு

புவெர்த்தோ மோன்த்தில் மழை விடுப்பு எடுப்பதில்லை.
நானும்தான்.
இரவு பத்து மணி தொடங்கி விடிகாலை ஐந்தரை வரை
சால்மன் மீனின் முள் பிடுங்கி
காற்று உறிஞ்சிய பைகளில் அடுக்குகிறேன்.
வளரும் பிள்ளைகளுக்கு நல்லது என்று
பையின் மேல் அச்சடித்திருக்கிறதாம்,
எனக்குத் தெரியாத ஏதோ மொழியில்.
மேற்பார்வையாளர்தான் சொன்னார்.

அதே நேரத்தில் என் வீட்டில்
எலியேசர் சாசேஜ் பொரித்து முடித்திருப்பான்.
அவனைக் குறை சொல்லமாட்டேன்.
பகல் முழுக்க மரக்கட்டை லாரி ஓட்டிய கைக்கு
வாணலியும் எண்ணெயும்தான் வசப்படும்.

பள்ளியில் எடை பார்த்தார்கள்.
சீட்டை எட்டாக மடித்து
காலுறைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தான் உலிசெஸ்.
வயது ஒன்பது.
நான் எண்ணை வாசித்து முடிக்கும்வரை
சுவரில் இல்லாத ஒரு பூச்சியைப்
பார்த்துக்கொண்டே இருந்தான்.

அன்று அயெலென் அலமாரியைத் திறந்து
எண்ணத் தொடங்கினாள்.
சர்க்கரை மிகுதி, உப்பு மிகுதி, கொழுப்பு மிகுதி என்று
அரசாங்கம் ஒட்டச்சொன்ன
எட்டு மூலைக் கறுப்பு முத்திரைகளை.
பிஸ்கட்டில் மூன்று.
சோள அவல் பெட்டியில் இரண்டு.
மயோனைஸில், சூப்புப் பொடியில்,
விருந்தாளிக்கென்று வைத்த சாக்லேட்டில்.
நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி,
"பதினேழும்மா! நாம ஜெயிச்சுட்டோமா?"

ஞாயிற்றுச் சந்தையில்
மஞ்சள் பூசணியில் ஒரு கீற்று வாங்கினேன்,
குழந்தையைப்போல் கனத்தது.
மசூர் பருப்பு இரண்டு கிலோ.
பழைய பெல்ட்டைப்போல் சுருட்டிக் கட்டிய
கொச்சாயூயோ கடற்பாசி ஒரு கட்டு.
வேகவைத்து மூடிவைத்துவிட்டு
வேலைக்குப் போனேன்.

முதல் வாரம் பருப்பு தோற்றது.
உலிசெஸ் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித்
தட்டின் விளிம்பில் வேலி கட்டினானாம்.
கடற்பாசியை அயெலென்
பொம்மைக்கு இடுப்புவார் ஆக்கினாள்.
"நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் எலியேசர்,
என் முகத்தைப் பார்க்காமல்.

புதன்கிழமை,
தொட்டிக்கு அடியில், ப்ளீச் புட்டிக்குப் பின்னால்
இரண்டு லிட்டர் சோடாவைக் கண்டுபிடித்தேன்.
காலை ஆறு மணி. வீடே குறட்டை விட்டது.
கோபப்படத்தான் நின்றேன்.
பிறகு அரைக் குவளை ஊற்றிக் குடித்தேன்.
வாயு போய், வெறும் சர்க்கரைத் தண்ணீர்.
இன்னும் அரைக் குவளை.
புட்டியை இருந்த இடத்திலேயே வைத்தேன்.
இதுவரை அவனிடம் சொல்லவில்லை.

அங்கேயே, ஈரத் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
இருபத்துநாலு மணி நேரத்தில்
நாங்கள் நால்வரும் ஒரு கூரைக்கடியில் விழித்திருப்பது
ஆறேகாலிலிருந்து ஏழு வரை.
சமைத்தது நான்,
சாப்பாட்டில்தான் நான் இல்லை.

மறுநாளிலிருந்து எங்கள் இராச்சாப்பாடு
விடிகாலையில்.
வெங்காயம் வதங்கும் வாசனைக்கு
அடுத்த வீட்டு ஹெர்மினியா கதவைத் தட்டி
யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.
பூசணி கரைந்த பருப்பில்
ரொட்டியைத் தோய்த்துத் தின்றோம்.
தூக்கத்தில் உலிசெஸ் வேலி கட்டுவதில்லை,
கண்ணை மூடிக்கொண்டே வாயைத் திறக்கிறான்.
இதை வெற்றி என்று சொல்லலாமா தெரியாது.
சனிக்கிழமை சாசேஜ் இருக்கிறது.
என் தேநீரில் மூன்று கரண்டி இரண்டாகியிருக்கிறது,
அந்த இரண்டு கொஞ்சம் குவிந்த இரண்டு.

வெள்ளிக்கிழமைகளில் தொழிற்சாலை
தலையும் முள்ளும் எங்களுக்கு மலிவாய்த் தரும்.
ஏழு வருஷமாய் நான் வரிசையில் நின்றதில்லை,
இரவெல்லாம் தொட்டதை
வீட்டிலும் தொடுவதா என்று.
போன வாரம் நின்றேன்.

பானையில் போடுமுன் அந்தத் தலையை
இரண்டு கையாலும் ஏந்தித்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அயெலென்,
செவுளைத் தூக்கி அடியிலும் தேடினாள்.
"ரெண்டு கறுப்பு இருக்கும்மா.
ஆனா மூலையே இல்ல."