சுழி

முதலில் எழுதியது எதுவும் செய்யாத ஒரு டிரைவர்.
ஏற்றினால் லாகில் ஒரு வரி: வந்தேன்.
இறக்கினால் இன்னொன்று: போகிறேன்.
நடுவில் வேலை இல்லை.
பன்னிரண்டு முறை ஏற்றி இறக்கினேன்,
புது வீட்டுச் சாவி கிடைத்தவள் மாதிரி.

புந்தா அரேனாஸ் துறைமுகத்தில்
காற்று நாற்பது நாட்டைத் தாண்டினால்
கப்பல் எதுவும் நகரக் கூடாது.
எவ்வளவு என்று சொல்லத்தான்
கூரைமேல் மூன்று கிண்ணங்கள் சுற்றுகின்றன.
பழைய கணினி மே மாதம் செத்துப்போனது.
புதியதற்குக் கிண்ணங்களைத் தெரியாது.
அவற்றைச் செய்த கம்பெனியோ
எப்போதோ இழுத்து மூடியாயிற்று.
"நெலிதா, உனக்குத்தான் கணினி வருமே" என்றார் பைலட் பார்ரியா,
நீச்சல் வருமே என்று கடலைக் காட்டுவதுபோல.

வெளியே எழுதும் நிரல் விழுந்தால் அது மட்டும் விழும்.
எழுந்து தூசி தட்டிக்கொள்ளலாம்.
கெர்னலுக்குள் கால் தடுக்கினால்
வீடே சாய்கிறது.
ஒன்றையும் சுட்டாத ஒரு பாயின்டரைத்
தெரியாமல் தொட்டேன்:
திரை உறைந்தது, மவுஸ் உறைந்தது,
சேமிக்காத மூன்று மணி நேரம் உறைந்தது.
அன்றிலிருந்து சோதனைக்குத் தனியாக ஒரு பெட்டி.
மீன் ஏலக் கூடத்தில் கழித்துப் போட்டது,
சூடேறினால் நண்டு வாடை அடிக்கும்.
விழட்டும் அது,
விழுவதற்கென்றே வாங்கியது.

உள்ளே போனால் உள்ளே இருக்கும் வழக்கம்.
இன்டரப்ட் வந்து கதவைத் தட்டினால்
நின்று பேசக் கூடாது, தூங்கவே கூடாது;
எண்ணைக் குறித்துக்கொள், திரும்பு,
மிச்சத்தைப் பிறகு பார்.
(இரவுக் காவல் அன்செல்மோ இதைக் கேட்டுச் சிரித்தார்.
மாத்தே உறிஞ்சிக்கொண்டே தூங்கத் தெரிந்தவர்.)
வாங்கிய நினைவகத்தை ஒரு பைட் விடாமல் திருப்பிக் கொடு,
கடைசியில் வாங்கியதை முதலில்.
பாதியில் தோற்றாலும்
அந்தப் பாதிக்குக் கணக்குத் தீர்த்துவிட்டுத் தோற்றுப் போ.
என் தம்பிக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

ஜூலை. இரவு ஒன்பது.
டிரைவர் ஏறிக்கொண்டது, முணுமுணுப்பு இல்லை.
கேட்டேன்: காற்று எவ்வளவு?
சுழி.
மறுபடி கேட்டேன்.
சுழி.
இன்டரப்ட் எண்ணைச் சரிபார்த்தேன், சரிதான்.
சரியானதை மாற்றினேன், மாற்றியதைத் திருப்பினேன்.
நிரலின் எல்லா முடுக்கிலும் லாக் வரிகளை நட்டேன்,
யாராவது வருகிறார்களா பார் என்று.
ஒருவரும் வரவில்லை.
நான்கு மணிக்கு அழவில்லை;
நேற்றைய எம்பனாடா ஒன்றைச் சில்லென்றே தின்றேன்.

ஐந்துக்கு டார்ச்சோடு ஏணியில் ஏறினேன்,
ஒயர்மேல் பழி போட.

கூரையில் எதுவும் அசையவில்லை.
கொடிக்கயிறு கம்பத்தைத் தட்டவில்லை.
கோடையில் மனிதர்கள் கயிறு பிடித்து நடக்கும் ஊர்,
அதன் ஜலசந்தியில்
ஒரு படகின் விளக்கு
உடையாமல் நின்றது.
கிண்ணங்களின் விளிம்பில் உறைபனி.

எட்டு மணி நேரமாக
அது உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது.

கையுறையைக் கழற்றி
ஒரு கிண்ணத்தைச் சுட்டுவிரலால் தள்ளினேன்.
கிறீச்சிட்டு, பனி உதிர்த்து,
ஒரு சுற்று.

கீழிருந்து அன்செல்மோ:
"நெலிதா, என்னமோ வந்திருக்கிறது!"
"எவ்வளவு?"
"ஒன்று."

இன்னொரு தடவை தள்ளினேன்,
நிச்சயப்படுத்திக்கொள்ள.